பேஸ்மென்ற் வீட்டுக்கு எந்தத் தரை?

ரொறன்ரோப் பக்கம் வீடு பார்க்கப் போகும் தமிழர்கள் வீட்டு முகவரிடம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, பேஸ்மென்றுக்குத் தனிவாசல் இருக்கிறதா என்பது. கேள்விக்குள் ஒரு குடும்பக் கணக்கு முழுவதும் அடக்கம். முதலில் வாடகைக்கு விட்டு மோட்கேஜுக்கு ஒரு கை கொடுக்கலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் அவர்களை வைத்திருக்கலாம். மகள் கலியாணம் முடித்தால் சொந்த வீடு அமையும்வரை அங்கே இருந்துகொள்ளலாம். அறுநூறு எழுநூறு சதுர அடி இடம் இருபது வருடத்தில் மூன்று விதமான ஆட்களைப் பார்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தரை தெரிவுசெய்வதோ, பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடையில் மாதிரிப் பலகைகளுக்கு முன்னால் நின்று, சாம்பலா தேக்கு நிறமா என்று பார்த்து.

நிறம் கடைசியாகப் பார்க்கவேண்டியது. பேஸ்மென்றில் தரையைத் தீர்மானிப்பவை வேறு: கீழே கொங்கிறீற்றில் எவ்வளவு ஈரம், தலைக்கும் கூரைக்கும் இடையில் எவ்வளவு உயரம், மேல்வீட்டிலிருந்து எவ்வளவு சத்தம், அந்தத் தரையில் நடக்கப்போவது யாருடைய கால். இவற்றுக்குப் பதில் தெரிந்தபின் கடைக்குப் போனால் தெரிவுக்கு இரண்டு மூன்று பொருள்களே மிஞ்சும். அப்போது நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம்.

இந்த விசயம் இப்போது கூடுதல் முக்கியம் பெற்றதற்குக் காரணம் உண்டு. ஒன்ராறியோவில் 2011ஆம் ஆண்டின் சட்டமொன்று, வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை நகரசபைகள் அனுமதிக்கவேண்டும் என்றது. 2022இல் வந்த சட்டம், நகர நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள பெரும்பாலான வதிவிடக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை போக வழிவிட்டது. 2021 குடிசனக் கணக்கெடுப்பில் மூன்று தலைமுறைக்குக் குறையாமல் ஒன்றாக வாழும் வீடுகள் கனடாவில் ஏறக்குறைய 442,000. மொத்த வீடுகளில் 2.9 வீதம். 65 வயதைத் தாண்டிய பெற்றோருக்காகவோ இயலாமையுள்ள உறவினருக்காகவோ தனிக் குடியிருப்பு அமைப்பவர்களுக்கு மத்திய அரசு 2023இல் ஒரு வரிச் சலுகையும் கொண்டுவந்தது: அப்போது 50,000 டொலர் செலவுவரை 15 வீதம், அதாவது 7,500 டொலர் வரை. பெட்டிகளை அடுக்கி வைத்த பழைய பேஸ்மென்றுகள் பல இன்று ஆள் படுக்கும் அறைகளாகிவிட்டன. பெட்டிக்குப் போதுமான தரை ஆளுக்குப் போதாது.

முதலில் ஈரம். ஸ்காபுறோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களாக்கள் பலவற்றில் கொங்கிறீற் தளத்துக்குக் கீழே ஈரத்தடுப்பு பிளாஸ்ரிக் விரிப்புக் கிடையாது. மண்ணின் ஈரம் கொங்கிறீற்றின் நுண்துளை வழியாக எந்நேரமும் மேலே வந்துகொண்டிருக்கும். வெறும் தளமாக இருக்கும்வரை அது காற்றோடு போய்விடும். மேலே எதையாவது விரித்து மூடியதும் அடியில் தேங்கும். எங்கள் ஆட்களுக்கு ஈரம் என்றால் மாரிகாலம். இங்கே பேஸ்மென்றில் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் ஆடி ஆவணியில். வெளியே புழுக்கமான காற்று; உள்ளே நிலத்தோடு ஒட்டிய தளம் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். யன்னலைத் திறந்து "காத்து வரட்டும்" என்று விட்டால், அந்தக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த தளத்தில் பட்டு வியர்க்கும். கொங்கிறீற்றின் மேல் நேரே விரித்த காபெற்றின் அடிப்பக்கம் இப்படித்தான் நாறத் தொடங்குகிறது.

ஈரத்தைப் பார்ப்பதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பிளாஸ்ரிக் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் ரேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் துளி கோத்திருந்தாலோ கொங்கிறீற் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. இரண்டு மூன்று இடத்தில், முக்கியமாக வெளிச்சுவர் ஓரத்தில், செய்யவேண்டும். தாள் காய்ந்திருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லமுடியாது. பனிக்காலத்தில் காய்ந்து கிடந்த தளம் வசந்தத்தில் நனையலாம். தொழில்முறையில் கொங்கிறீற்றில் துளையிட்டு உள்ளே ஈரப்பதன்மானி வைத்து அளப்பார்கள். ஒட்டுப்பசை போட்டு ஒட்டும் தரையென்றால் அந்தச் செலவைத் தவிர்க்கக்கூடாது.

மண்ணிலிருந்து ஏறும் ஈரம் ஒன்று, வெள்ளம் வேறொன்று. 2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை. 2024 யூலை 16இல் ஏறக்குறைய 98. இரண்டு முறையும் கழிவுநீர்க் குழாய்கள் கொள்ளாமல் நீர் பேஸ்மென்றுகளுக்குள் பின்வாங்கி வந்தது. தரைக்கு ஒரு டொலர் செலவழிக்கமுதல் பின்வாங்கும் நீரைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தளத்திலுள்ள வடிகால் துவாரத்தை வடிவு கெட்டுவிடும் என்று பலகையால் மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாசிங் மெசின் குழாய் வெடிக்கும் நாளில் அந்தத் துவாரம் ஒன்றுதான் கைகொடுக்கும்.

இந்த இடத்தில், தரைப் பெட்டிகளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் "நீர் புகாது" என்ற வாசகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். புகாதது பலகைக்குள். பலகைகளுக்கு இடையிலும் சுவரோரத்திலும் நீர் தாராளமாக இறங்கும். இறங்கிய நீர் மேலே வர வழியில்லாமல் அடியில் கிடக்கும். பலகை பத்திரமாக இருக்க, அடியிலுள்ள மரத் தகடும் சுவரின் கீழ்விளிம்பும் உக்கிப்போகும். விளம்பரம் பொய் சொல்லவில்லை. எங்கள் காதில் பாதிதான் விழுகிறது.

தரை வேலை தொடங்கமுதல் பார்க்கவேண்டிய ஆபத்தும் இரண்டு உண்டு. ஒன்பது அங்குலச் சதுர வினைல் ரைல்ஸ் கண்டால் கையை எடுத்துவிடவேண்டும். அந்தக் காலத்து ரைல்ஸிலும் அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, உடையாமல் இருந்தால் அப்படியே மூடிவிடுவது பல வேளை பாதுகாப்பானது. மற்றது ரேடொன். மண்ணிலிருந்து வெடிப்புகள் வழியாக வரும், நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு. நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணி. கனடா சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டல் அளவு கனமீற்றருக்கு 200 பெக்கரல். குறைந்தது மூன்று மாதம் அளவெடுக்க வேண்டும். தரை போட்டு முடித்தபின் வெடிப்பை அடைக்க எங்கே போவது? முதலில் அளந்துவிடுவதே மேல்.

இனி உயரம். ஒன்ராறியோவில் பழைய வீட்டுக்குள் அமைக்கும் இரண்டாம் குடியிருப்புக்குக் கூரை உயரம் 1.95 மீற்றர் இருக்கவேண்டும். உத்தரத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் கீழே 1.85 வரை விடுவார்கள். கேட்கத் தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொங்கிறீற்றிலிருந்து மேல்மர உத்தரம் வரை 2.10 மீற்றர் என்று வையுங்கள். சத்தத்தைக் குறைக்க உலோகத் தாங்கியும் இரண்டடுக்கு டிரைவோலும் போட்டால் கூரை ஏறக்குறைய 45 மில்லிமீற்றரை எடுக்கும். தரையில் இரண்டு அங்குல நுரைத்தகடு, அதன்மேல் இரண்டடுக்குப் பலகை, அதன்மேல் வினைல் என்றால் இன்னொரு 83. மிஞ்சுவது 1.972. சட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர்தான் கூட. குழாய் போகும் இடத்தில் அதுவும் இராது. ஆகையால் பலர் அடிப்பக்கம் பிளாஸ்ரிக் குமிழ் பதித்த, இரண்டடிச் சதுரமான பலகைத் துண்டுகளைப் போடுகிறார்கள். தடிப்பு 22 மில்லிமீற்றர் அளவு. குமிழ்களுக்கு இடையில் காற்று நிற்பதால் மண்ணீரம் பலகையைத் தொடாது. வெறுங்கால் குளிரும் குறையும். நுரைத்தகடு தரும் கதகதப்பை இது தராது. உயரம் உள்ளவர்கள் நுரைக்குப் போகலாம்.

உயரத்தில் பலரும் கவனிக்காதது படிக்கட்டு. தரையை 30 மில்லிமீற்றர் உயர்த்தினால் கடைசிப் படி மட்டும் 30 மில்லிமீற்றர் குட்டையாகிவிடும். அடுத்தடுத்த படிகளுக்கிடையில் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது தேசியக் கட்டட விதி. காரணம் எளிது: நாங்கள் படியைப் பார்த்து இறங்குவதில்லை, முதல் இரண்டு படி சொன்ன அளவைக் கால் நினைவில் வைத்துக்கொண்டு இறங்குகிறோம். கையில் உடுப்புக்கூடையோடு இறங்கும் அப்பம்மாவின் கால், படி இன்னும் இருக்கிறது என்று நினைக்கும் இடத்தில் தரை வந்துவிடும். ஆயிரம் டொலர் மிச்சம் பிடிக்கத் தரையை மட்டும் உயர்த்தி, படிக்கட்டை அப்படியே விடுவது நான் பார்த்த கெட்ட சிக்கனங்களில் முதலிடம் பெறும்.

பொருள்களுக்கு வருவோம். இன்று பேஸ்மென்றுகளில் அரசாள்வது சொடுக்கிப் பூட்டும் வினைல் பலகை, அதிலும் சுண்ணக்கல் தூளும் பிவிசியும் கலந்து செய்த விறைப்பான வகை. நீரில் ஊதாது, விலை தாங்கும், ஒரு வார இறுதியில் ஒருவரே போட்டு முடிக்கலாம். குறையும் உண்டு. தளம் மூன்று மீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீற்றருக்கு மேல் மேடுபள்ளமாக இருக்கக்கூடாது. பழைய பேஸ்மென்ற் தளங்கள் வடிகாலை நோக்கிச் சரிந்திருப்பதால் பூட்டுகள் நடக்கநடக்க உடையும். சமப்படுத்தும் கலவை ஊற்றுவதைத் தவிர்த்து "பரவாயில்லை அண்ணை, பலகை பிடிச்சுக்கொள்ளும்" என்று சொல்லும் வேலையாளை நம்பவேண்டாம். மேற்படலத்தின் தடிப்பையும் கேட்கவேண்டும். வாடகைக்கு விடும் வீட்டுக்கு 20 மில் (மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று குறித்திருப்பது நல்லது. 12 மில் படுக்கையறைக்குப் போதும். பலகையின் மொத்தத் தடிப்பைக் காட்டி விலை சொல்வார்கள், தேய்வது மேற்படலம்.

லமினேற் பார்வைக்கு வினைலைவிட மரம்போல இருக்கும், கீறலும் குறைவு. ஆனால் உள்ளே அமுக்கிய மரத்தூள். ஒருமுறை நீர் குடித்தால் ஓரங்கள் அப்பளம்போலப் பொருமி எழும், திரும்ப இறங்காது. மேல்மாடிக்குச் சரி, நிலத்தடிக்கு வேண்டாம். திண்மரப் பலகையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதைச் செய்பவர்களே நிலமட்டத்துக்குக் கீழே போடாதீர்கள் என்கிறார்கள். காபெற் கதகதப்பானது, விழுந்தாலும் நோகாது, சத்தத்தையும் குடிக்கும். பேஸ்மென்றில் அதற்குப் பகை ஈரமும் தூசுப்பூச்சியும், எங்கள் வீடுகளில் கூடுதலாகக் கறிமணமும். வாடகைக்காரர் மாறும்போது முதலில் முறைப்பாடு வருவது காபெற்றைப் பற்றித்தான்.

வெள்ளத்தை உண்மையாகத் தாங்குவது போசலின் ரைல்ஸ் மட்டும். நீர் உறிஞ்சுவது அரை வீதத்துக்கு மேற்படாது. அழுக்குநீர் வந்தாலும் கழுவித் துடைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெய் சிந்தினாலும் குசினியில் மஞ்சள் கொட்டினாலும் ரைல்ஸுக்கு ஒன்றுமில்லை. கறை பிடிப்பது இடையிலுள்ள பூச்சில், அதற்கு எபொக்சிப் பூச்சு இருக்கிறது. குளிர்தான் பிரச்சினை. நிலத்தில் இருந்து சாப்பிடும், தவழும் பிள்ளையைத் தரையில் விடும் வீட்டில் சூடேற்றாத ரைல்ஸ் தையில் கொடுமை. அடியில் மின்சூட்டுப் பாய் போட்டால் தீரும். போட்ட செலவும் மின்கட்டணமும் வேறு கதை. குசினி, குளியலறை, பக்கவாசல் மூன்றுக்கும் ரைல்ஸ், அதில் குளியலறைக்கு மட்டும் சூட்டுப் பாய், மிச்ச இடத்துக்கு வினைல். பெரும்பாலான பேஸ்மென்றுகளுக்கு என் தெரிவு இது.

பக்கவாசலை ஏன் சேர்த்தேன் என்றால், பனிக்காலம் முழுவதும் சப்பாத்தோடு வரும் உப்பும் சேறும் அங்கேதான் கொட்டும். வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் ஒரே வாசலால் வரும் வீடுகளில் அந்த நான்கடிச் சதுரம் படும் பாடு சொல்லி மாளாது. உப்புநீர் பலகைப் பூட்டுகளுக்குள் இறங்கிக் காய்ந்து வெள்ளைக் கோடாக எழும்பும்.

குளியலறையில் எங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. கனடியக் கட்டுமானத்தில் குளியல் தொட்டிக்கு வெளியே உள்ள தரை காய்ந்திருக்கும் என்று எண்ணிக் கட்டுகிறார்கள். பல வீடுகளில் அங்கே நீர்த்தடுப்புப் படலமே இல்லை. வாளியில் நீர் நிறைத்துக் கோப்பையால் அள்ளிக் குளித்துப் பழகிய பெற்றோருக்கு அந்த எண்ணம் பொருந்தாது. கால் கழுவுவதும் தரையில்தான். அவர்களைத் திருத்த முயல்வதைவிட, அறை முழுவதற்கும் நீர்த்தடுப்புப் போட்டு, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்து, வரம்பில்லாத குளியலிடம் அமைப்பது மலிவு. சிறிய ரைல்ஸ் இங்கே நல்லது. பூச்சுக் கோடுகள் கூடக்கூடக் காலுக்குப் பிடிமானம் கூடும்.

மூத்தவர்கள் விழுவது சின்ன விசயமல்ல. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் விழுந்து இறப்பவர்கள் வருடத்துக்கு 684,000 பேர். அதில் பெரும்பங்கு அறுபது கடந்தவர்கள். அதனால் மெத்துமெத்தென்ற தரை போட்டால் எலும்பு முறியாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதியோர் இல்லமொன்றில் 150 அறைகளில் இதைச் சோதித்தார்கள். பாதி அறைகளில் வினைலுக்கு அடியில் அதிர்வு வாங்கும் இறப்பர் அடுக்கு, மற்றப் பாதியில் வெறும் பலகை. நான்கு வருடம் பார்த்து, 2019இல் முடிவு வெளியானது: கடும் காயங்களில் வித்தியாசம் காணவில்லை. ஆகவே "மூட்டுக்கு நல்லது" என்று சொல்லித் தடித்த நுரை விரிப்பை விற்க வருபவரிடம் நிதானமாக இருக்கலாம். அதிகம் மெத்தென்றால் நடைவண்டியின் சில்லும் புதையும், வினைல் பூட்டும் உடையும்.

விழுத்துவது எது என்று பார்த்தால் அனேகமாகச் சின்னச் சாமான்கள். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் ஒரு விரல் தடிப்பு உயரும் இணைப்புப் பட்டை. சுருளும் சிறு காபெற். யன்னல் வெளிச்சம் பட்டு நனைந்ததுபோல மினுங்கும் தரை. மங்கிய பார்வைக்கும் மறதிநோய்க்கும் ஆளானவர்களுக்கு, வெளிர்நிறத் தரையில் கறுப்புக் கட்டம் போட்டால் குழியாகத் தெரியும், தாண்டப் பார்ப்பார்கள். மட்டம் மாறும் இடத்தில் 6 மில்லிமீற்றருக்கு மேல் செங்குத்தாக விடக்கூடாது, 13 வரை சரிவாகச் சீவவேண்டும் என்பது கனடிய அணுகல் தரம். வழுக்காமைக்குப் பெட்டியில் 0.42 என்று ஓர் எண் போட்டிருக்கும். அது சவர்க்கார நீரில் இறப்பர் முனையை இழுத்து அளந்தது. பனிக்காலத்தில் கம்பளிக் காலுறையோடு நடக்கும் அம்மம்மாவுக்கு அந்த எண் எதையும் சொல்லாது. அடியில் இறப்பர் புள்ளி வைத்த காலுறை வாங்கிக் கொடுப்பது பயன் தரும். வினைலின் மேல் இறப்பர் அடிப்பாய் போடுவது மட்டும் வேண்டாம், இறப்பரிலுள்ள இரசாயனம் வினைலை நிரந்தரமாக மஞ்சளாக்கும். முடியுமானால் நடக்கக் கஷ்டப்படும் பெற்றோரைப் பேஸ்மென்றில் விடாமல் நிலமாடியில் ஓர் அறை ஒதுக்கிக்கொடுத்து, கீழே இளசுகள் இறங்குவதே நல்லது என்பது என் பக்கச்சார்பு.

சத்தத்தில் எல்லோரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். பேஸ்மென்றில் குடியிருப்பவரின் நிம்மதியைத் தீர்மானிப்பது அவருடைய தரையல்ல, மேல்வீட்டுக்காரரின் தரை. பேச்சுச் சத்தம் கடப்பதற்குக் கட்டட விதியில் எல்லை உண்டு. வீட்டுக்குள் அமைந்த இரண்டாம் குடியிருப்புக்குத் தேசிய விதி அதையும் தளர்த்தி வைத்திருக்கிறது. காலடிச் சத்தத்துக்கோ வெகுகாலமாக வெறும் பரிந்துரைதான். தரைக்கு அடியில் போடும் விரிப்புகளில் காலடிச் சத்தத் தரம் 70, 72 என்று பெரிய எண்களைப் போட்டு விற்பார்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் தடித்த கொங்கிறீற் தளத்தில், கீழே தொங்குகூரை வைத்துச் செய்தவை. மர உத்தரத்தில் நிற்கும் எங்கள் வீட்டில் அந்த எண் கிடைக்காது. செருப்புத் தட்டும் "டக்" சத்தத்தை விரிப்புக் குறைக்கும். பிள்ளைகள் ஓடும்போது எழும் "தொம்" உத்தரத்தோடு சேர்ந்து அதிர்வது, அதற்கு விரிப்பு போதாது. கூரையைத் திறந்து வேலை செய்யும்போதே கனிமக் கம்பளி அடைத்து, உலோகத் தாங்கியில் இரண்டடுக்கு டிரைவோலைத் தொங்கவிடவேண்டும். மேலே பிள்ளைகள் விளையாடும் அறைக்கும் நடைபாதைக்கும் தடித்த காபெற் போட்டால் பாதிச் சண்டை தீரும். கீழே அழகான தரைக்கு வைத்த காசில் ஒரு பங்கை மேலே காபெற்றுக்கு மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுழிப்பார். அதிகாலை நாலு மணிக்கு வேலை முடிந்து வந்து படுக்கும் வாடகைக்காரர் சுழிக்கமாட்டார்.

வாங்கும்போது தேவைக்கு மேலே இரண்டு பெட்டி கூட எடுத்து, உலர்ந்த இடத்தில் படுக்கவைத்து அடுக்கி வையுங்கள். வினைல் பலகைகளின் நிறமும் பூட்டும் அடிக்கடி மாறும். மூன்று வருடத்தின் பின் ஒரு மூலை நனைந்தால் அதே பலகை கடையில் இராது, ஒரு நிறுவனத்தின் பூட்டு மற்றதில் ஏறாது. பெட்டியின் ஓரத்திலுள்ள தொகுதி இலக்கத்தைப் படமெடுத்து, வாங்கிய பற்றுச்சீட்டோடு வையுங்கள். காப்புறுதிக்காரரும் வரிக் கணக்காளரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.